பின்வளவு பங்கிடப்பட்ட வரலாறு

ஒரு சனிக்கிழமைக் காலை. தேநீர்க் கோப்பையுடன் பல்கனியில் நின்றேன். கீழே, எங்கள் அடுக்குமாடியின் பின்வளவில், மஞ்சள் மேலங்கி அணிந்த இருவர் புல்லின் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தனர். மூன்றாமவர் குனிந்தபடியே பின்னோக்கி நடந்து, கயிற்றோரமாக வெள்ளைக் கோடு தெளித்துச் சென்றார். முதல்நாள் மழையில் நனைந்த புல்லின் மணத்தை வர்ணத்தின் நெடி மெல்ல மெல்ல விழுங்கிற்று.

பக்கத்துப் பல்கனியில் வேரா நின்றிருந்தார். பல்கேரிய நாட்டவர், எழுபதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். தம் நாட்டின் தலைநகரான சோபியாவில், நகரத் திட்ட அலுவலகத்தில் தமது இளமை முழுவதையும் செலவிட்டவர்.

"எப்போதும் முதலில் வருவது கயிறுதான், தோழரே," என்றார். பிறகு கழுத்தை நீட்டிப் பார்த்து, "என் மூலையைச் சரியாக அளக்கிறார்களா? உங்கள் பக்கத்திலிருந்து தெரிகிறதா?" என்று கேட்டார்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அந்நாள்களில் நான் அவருடன் கதைப்பதில்லை. ஏன் கதைக்காமல் விட்டேன் என்பதைச் சொல்லவே இந்த வாரப் பத்தியை எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் பொது

நாட்டில் போர் முடிந்த பின்னர் மகன் ரமணன் என்னைச் சிட்னிக்கு அழைத்துக்கொண்டான். பரமட்டாவிலிருந்து இரண்டொரு ரயில் நிலையங்கள் தள்ளி, செங்கல்லால் எழுப்பிய மூன்று மாடிக் கட்டடம். பன்னிரண்டு வீடுகள். வீடு அவரவருக்குச் சொந்தம். கூரையும் படிக்கட்டும் பின்வளவும் அனைவருக்கும் பொது.

இந்த ஏற்பாட்டை மகன் விளக்கியபோது என் மனத்தில் எழுந்த உவகையை அவன் அறிந்திருக்க நியாயமில்லை.

"எல்லாருக்கும் பொதுவோ?" என்று இரண்டாந் தடவையும் கேட்டேன்.

"ஓம் அப்பா. கொமன் புரப்பட்டி."

"அப்ப ஆர் பொறுப்பு?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் புல்லு உந்த உயரத்தில நிக்குது."

அந்த வளவில் ஒரு பெரிய யூக்கலிப்டஸ் மரமும், விரித்த குடையைப் போலச் சுழலும் துணிக்கொடியும், உட்காருவதற்கென்று வேரா எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட ஒரு வாங்கும் இருந்தன. காற்றடித்தால் பன்னிரண்டு வீட்டுத் துணிகளும் ஒன்றையொன்று துரத்திச் சுழலும். சேலையும் காற்சட்டையும் இத்தாலியக் கிழவரின் உள்ளங்கியும் ஒரே வட்டத்தில் ஓடுவதைப் பார்த்து, பிந்திய வயதிலாவது சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தேன் என்று எண்ணிக்கொண்டேன்.

மாஸ்கோவிலிருந்து வந்த நகரம்

இவ்வுவகைக்கு ஒரு பழைய காரணம் உண்டு.

நான் பள்ளியில் கற்றது எட்டாம் வகுப்பு வரையிலேயே. மிகுதியைப் புத்தகங்களிடம் கற்றேன். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றின் முகாமையாளராக இருந்த காலத்தில், மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த நூல்கள் எமக்கு மலிவாகக் கிடைத்தன. வழுவழுப்பான தாள், மண்ணெண்ணெயும் பசையும் கலந்ததைப் போன்ற ஒரு மணம். அவற்றுள் ஒன்று புதிய நகரங்களைப் பற்றியது. அதில் ஒரு படம். ஒரே உயரத்தில் எழுந்த கட்டடங்கள், நடுவில் மரங்கள், அவற்றினூடே புத்தகப்பையுடன் தனியே நடக்கும் ஒரு சிறுமி. அந்நகரத்தில் ஒரு பிள்ளை எந்தத் தெருவையும் கடக்காமல் பள்ளிக்கூடம் போய்வர முடியும் என்று அந்நூல் கூறிற்று.

கடையில் சீனி மூடைகளுக்கு நடுவே இருந்து அப்படத்தை எத்தனையோ பொழுதுகள் பார்த்திருக்கிறேன். வெளியே கூப்பனுடன் சனம் வரிசையில் நிற்கும். வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டுவார்கள். நான் அச்சிறுமியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேரா எந்த அலுவலகத்தில் வேலை செய்தவர் என்று அறிந்த அன்றே, என் கோணல் ஆங்கிலத்தில் அவரிடம் அதைத்தான் கேட்டேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போல ஊன்றுகோலுடன் நடப்பது. அவர் கூறியவற்றைத் தமிழில் தருகிறேன்.

"உண்மைதான். நானே அப்படி ஒரு பகுதியை வரைந்திருக்கிறேன். பிள்ளைகள் தெருவைக் கடக்க வேண்டியதில்லை. சேற்றைக் கடக்க வேண்டும். நடைபாதைக்கான தார் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில்தான் இருந்தது."

வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தோழர்.

வேரா சொன்னது

மாலை வேளைகளில் அந்த வாங்கில் அமர்ந்து அவர் சொல்லக் கேட்டவை ஒரு நூலுக்குக் காணும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவர்களுடைய அலுவலகத்தின் நடு மண்டபத்தில் நகரம் முழுவதும் மரத்துண்டுகளால் செய்து வைக்கப்பட்டிருந்ததாம். கட்சிப் பெரியவர் ஒருவர் வந்து, ஒரு துண்டை விரலால் நகர்த்திவிட்டுப் போவார். மறுநாள் அந்த இடத்திலிருந்த குடும்பங்களுக்கு அறிவித்தல் போகும்.

"எங்கள் காலத்தில் யாரையும் கேட்காமல் வரைந்தோம்," என்றார் வேரா. "பிறகு ஒருவரும் வரையாமலே கட்டினார்கள்."

பொதுவுடைமை ஆட்சி விழுந்ததும், அடுக்குமாடிகளுக்கு இடைப்பட்ட நிலங்களைத் தேடி, அரசு எடுப்பதற்கு முன்னர் அவற்றை வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பழைய காணி உறுதிப் பத்திரங்களுடன் வந்தனர். விளையாட்டு முற்றத்தின் நடுவில் ஒருவர் வீடு கட்டினார். பூங்காவின் ஓரத்தில் பெற்றோல் நிலையம் முளைத்தது. வேலிகள் வந்தன, கார் விடும் தகரக் கராஜ்கள் வந்தன, பல்கனிகள் கண்ணாடி அடைத்து அறைகளாயின. புதிதாக வந்த அதிகாரி, நகரத்தை இனிச் சந்தையே வரைந்துகொள்ளும் என்று சொல்லி, மண்டபத்து மரத்துண்டுகளைப் பெட்டியில் கட்டுவித்தார்.

எல்லாவற்றிலும் என்னைத் தைத்தது ஒரு கடை. வேலையிழந்தவர்கள் தத்தம் கட்டடத்தின் நிலவறைகளில் கடை போட்டார்களாம். நிலவறையின் சன்னல் தெருவின் மட்டத்தில் இருக்கும். உள்ளே நிற்பவரின் தலை, வெளியே நிற்பவரின் செருப்புக்கு நேரே. சிகரெட்டோ சோடாவோ வாங்குபவர் நடைபாதையில் குந்தி, சன்னலுக்குள் தலையை நீட்டிக் கேட்க வேண்டும். பேராசிரியரும் குந்தினார்; கர்ப்பிணியும் குந்தினாள்.

"முதலில் சிரித்தோம். பிறகு முழங்கால் பழகிவிட்டது," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் நாட்டிலும் எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு தேர்தலோடு இறக்குமதிக்குக் கதவு திறந்தது. வரிசையில் நின்று களைத்த சனம் எதிர்க்கடைக்கு ஓடிற்று. அவர்களில் பிழை காண்பதற்கில்லை. சங்கக்கடைத் தராசில் சிலந்தி வலை கட்டிற்று. ஆயினும் எம்முடைய சனம் ஒரு காலமும் குந்தியிருந்து சாமான் வாங்கவில்லை என்று வேராவிடம் பெருமையுடன் கூறினேன்.

"அப்படியா?" என்றார் அவர்.

முதல் வேலி

நிற்க. பின்வளவு பாழ்பட்ட கதைக்கு வருகிறேன்.

கீழ்வீட்டில் இராசநாயகம் என்பவர் குடியிருந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்தவர், ஓய்வு பெற்றவர், சும்மா இருக்கத் தெரியாதவர். வளவின் ஒரு பக்கத்தைக் கொத்தி வெண்டியும் கத்தரியும் வைத்தார். தொட்டியில் கறிவேப்பிலையும் வைத்தார். எல்லோரும் மகிழ்ந்தோம். வேரா அவருக்குத் தக்காளிக் கன்றுகள் கொடுத்தார்.

ஒரு நாள் பார்த்தால், பாத்தியைச் சுற்றி வேலி நிற்கிறது. இந்நகரத்தில் ஆண்டுக்கு ஓரிரு முறை பழைய தளபாடங்களைத் தெருவோரம் போடுவார்கள். அங்கே பொறுக்கிய குழந்தைத் தொட்டிற் சட்டங்களும் கட்டிற் கம்பிகளும் கொண்டு கட்டிய வேலி.

"என்ன இராசநாயகம், ஆர் உன்ர வெண்டிக்காயைப் பிடுங்கினது?"

"ஒருத்தரும் பிடுங்கேல்லை அண்ணை."

"பிறகேன் வேலி?"

அவர் கம்பியை முறுக்கியபடி சற்று யோசித்தார். "வேலி இல்லாட்டி, அண்ணை, தோட்டம் மாதிரித் தெரியேல்லை."

யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு இவ்விடை முழுவதும் விளங்கும். வேலி அடைப்பதற்காகவே காணி வாங்கும் இனம் நாம். எனினும் ஊர் வேலியில் ஒரு பொட்டு, ஓர் ஆள் நுழையும் இடைவெளி, இருக்கும். அயல்வீட்டுப் பெண்கள் குனிந்து புகுந்து, நெருப்போ உப்போ வாங்கிப் போவார்கள். இராசநாயகத்தின் வேலியில் பொட்டு இல்லை.

அடுத்த மாதம் இன்னொரு வேலி. அதற்கடுத்து மற்றொன்று. இரண்டு வீடுகளுக்குச் சொந்தக்காரரான நசீர், காயல்பட்டினத்துக்காரர், தம் கடைச் சாமான்களுக்கு ஒரு மூலையைப் பச்சை வலையால் மறைத்தார். இராசநாயகத்தின் புடோலங்கொடி வேலி தாண்டி அவருடைய வலையில் காய்த்துத் தொங்கிற்று.

"ஐயா, எங்க பக்கம் வந்த காய் எங்களுக்குத்தானே?" என்று நசீர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

இராசநாயகம் சிரிக்கவில்லை. கொடியை வேரோடு வெட்டினார். பிறகு இருவரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்து ஏறினார்கள். துணிக்கொடி சுழல்வதற்கு இடம் போதாமல் வேலியில் இடித்து நின்றது. கடைசியில் என் மகனும், பேரப்பிள்ளையின் சைக்கிளுக்கென்று நான்கு கம்புகளை நட்டான்.

வேரா தொட்டிற் சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு மேலிருந்து வந்தது. உங்களுக்கு உள்ளிருந்தே வருகிறது," என்றார்.

கண்ணாடிக்குள் பரமட்டா

அக்காலத்தில்தான் நானும் அவரும் பஸ் ஏறிப் பரமட்டாவுக்குப் போய், எதிர்கால நகரத்தின் மாதிரி ஒன்றைப் பார்த்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைக் கோபுரங்கள். இடையே சிறு மனிதர்கள், சிறு மரங்கள்.

"பொம்மை மரங்கள் எல்லா நாட்டிலும் ஒரே பச்சைதான்," என்ற வேரா, அருகில் நின்ற இளம் அலுவலரிடம், கோபுரங்களுக்கு நடுவில் உள்ள நிலம் யாருடையது என்று கேட்டார்.

தனியாருடையது, ஆனால் பொதுமக்கள் நடக்கலாம் என்று அப்பிள்ளை மிகுந்த மரியாதையுடன் விடை கூறிற்று.

"நடக்கலாம். உட்காரலாமா?"

அதை விசாரித்துச் சொல்வதாகக் கூறிற்று.

கை தூக்கிய கூட்டம்

நசீர்தான் முன்மொழிந்தார். பின்வளவைப் பன்னிரண்டாக வகுத்து, வீட்டுக்கொரு கராஜ் கட்டி, அவரவர் பெயருக்கே எழுதிக்கொள்வது. அவரைத் தீயவர் என்று நான் எழுதினால் அது பொய்.

"ஐயா, நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். ரோட்டுல நிறுத்துன என் வேன் கண்ணாடிய ஒடச்சுட்டுப் போயிட்டானுங்க. இந்தப் புல்லு யாருக்குங்க பிரயோஜனம்? நீங்களும் அந்த அம்மாவும் உக்காந்து பேசுறதுக்கா?"

சொந்தக்காரர்களில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் எதிர்த்தால் அது நிறைவேறாது. அதாவது நான்கு கைகள் எழாமல் இருக்க வேண்டும். வேரா விரல் மடித்து எண்ணினார்: அவர், இராசநாயகம், இத்தாலியக் கிழவர், என் மகன். எனக்கு வாக்கு இல்லை, வீடு மகனுடையது.

இராசநாயகம் என் தோளைத் தட்டிச் சொன்னார். "நான் கொத்தின மண்ணை சீமெந்து போட்டு மூட விடுவனோ, அண்ணை? என்ர கை எழும்பாது."

மகனிடம் கேட்டேன். "பாப்பம் அப்பா," என்றான். என் வீட்டில் அச்சொல்லுக்கு ஒரு பொருள்தான் உண்டு. இருந்தும் நம்பினேன்.

கூட்டம் துணி துவைக்கும் அறையில் நடந்தது. சவர்க்கார வாடை. கட்டடத்தை நிர்வகிக்கும் நிறுவனத்திலிருந்து வந்த பெண், கூரையிலிருந்து எடுத்த பின்வளவின் படத்தைச் சுவரில் காட்டினார். தொட்டிற் சட்டம், பச்சை வலை, கட்டிற் கம்பி. வளவு கந்தல் துணியைப் போலத் தெரிந்தது.

"நீங்கள் ஏற்கெனவே பிரித்துத்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்றார் அப்பெண், இனிமையாக. "நாங்கள் கோட்டை நேராக்கித் தருகிறோம், அவ்வளவுதான்."

எல்லோரும் தத்தம் வேலியைப் படத்தில் தேடினார்கள்.

இராசநாயகம் எழுந்து, கராஜுக்குள் தொட்டி வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், உங்களுடையது. பூட்டுப் போடலாமா? போடலாம், உங்களுடையது. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மனிதர் ஆயுள் முழுவதும் தேடிய வேலியைக் கண்டுகொண்டார். அவருடைய கைதான் முதலில் எழுந்தது.

இத்தாலியக் கிழவர் பக்கத்திலிருந்த தம் மகளின் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். என் மகனின் சட்டையை நான் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கோ அப்பா," என்றான் தாழ்ந்த குரலில். "எல்லாருக்கும் கராஜ் இருந்து எங்களுக்கு மட்டும் இல்லாட்டி, நாளைக்கு இந்த வீட்டை ஆர் வாங்குவினம்? இது உங்கட சங்கக்கடை இல்லை."

அவன் கை எழுந்தது. இனி ஒருவர்தான் மிச்சம். தோற்றாலும் ஒரு கை மடியில் இருந்தது என்பதாவது மிஞ்சுமென எண்ணித் திரும்பினேன். வேரா கையை உயர்த்தியிருந்தார்.

"மூலையில் உள்ளது எனக்கு," என்றார். "அது அகலமானது."

அந்த அறையில் கை தூக்காமல் இருந்தவன் நான் ஒருவனே. தூக்கும் உரிமை இல்லாதவனும் நானே.

படிக்கட்டில் அவரை மறித்தேன். எனக்கு ஆங்கிலம் வரவில்லை, "ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"சோபியாவிலும் இப்படி ஒரு மாலை இருந்தது, தோழரே. நான் ஒருத்தி எதிர்த்தேன். முற்றமும் போயிற்று, எனக்குரிய பங்கும் போயிற்று. நாட்டை விட்டு வரும்வரை, மற்றவர்களுடைய கராஜ்களுக்கு நடுவில் உடம்பைச் சரித்து நடந்துதான் என் வாசலுக்குப் போனேன். நான் நேர்மையாக நடந்தேன் என்பதற்காக எவரும் எனக்கு வழி விடவில்லை."

"அப்படியானால் எங்களை எதிர்க்கச் சொன்னது?"

"மூன்று கைகள் கீழே இருந்திருந்தால், நான்காவது என்னுடையது. நான் எண்ணத் தெரிந்தவள்."

அவர் மேலே ஏறிப் போனார். அன்றிலிருந்து நான் கதைக்கவில்லை.

அரைக் கதவு

ஆகவே, கயிறு பிடித்த அந்தச் சனிக்கிழமை. அதன்பின் மரத்தை அறுத்தார்கள். துணிக்கொடியை யாரோ தெருவோரக் குப்பையில் வைத்தார்கள். வேராவின் வாங்கும் அதனுடன் கிடந்தது. வெய்யில் காலம் முடியுமுன் சாம்பல்நிறக் கதவுகள் வரிசையாக நின்றன.

அவற்றுள் கார் நிற்பது மிகச் சிலவற்றில் மட்டும். என் மகனுடையதில் பழைய மெத்தைகள் நிற்கின்றன. காரைத் தெருவிலேயே விடுகிறான். வேரா தம் அகன்ற மூலையை நசீரின் கடைச் சாமான்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

இராசநாயகத்தின் மனைவி மங்களம் வீட்டுக் குசினியில் மிளகாய் வறுத்தால் மேல்மாடி முழுவதும் தும்மி முறைப்பாடு செய்யும். கராஜ் வந்ததும் அவர் அடுப்பை அங்கே கொண்டுபோனார். அவருடைய கறித்தூளின் வாசனை தெருமுனை வரை போயிற்று. சனம் தேடி வரத் தொடங்கிற்று. அனுமதியில்லாமல் அங்கே விற்கக் கூடாது. ஆகையால் சுருட்டுக் கதவை முழுவதும் உயர்த்துவதில்லை. இடுப்பளவுக்கும் கீழே நிறுத்தியிருப்பார்கள்.

ஒரு பின்னேரம் மருமகள் தூள் வாங்கி வரச் சொன்னாள். போனேன். கதவைத் தட்டினேன்.

"ஆரது? கொஞ்சம் குனியுங்கோ, கதவைத் தூக்கேலாது. கவுன்சில்காரன் கண்டானெண்டா முடிஞ்சுது," என்றது மங்களத்தின் குரல்.

சீமெந்தில் ஒரு கையை ஊன்றிக் குந்தினேன். உள்ளே சட்டி சூடாக இருந்தது, கண் எரிந்தது. கறிவேப்பிலைத் தொட்டி ஓரமாக நின்றது, வெளிச்சமின்றி வெளிறிப்போய்.

இராசநாயகத்தின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. "அட, சங்கக்கடை மனேச்சர் வந்திருக்கிறார்! கியூவில நிக்கச் சொல்லு!" என்று சிரித்தார்.

அப்போது என் அருகில் ஒரு நிழல் விழுந்தது. சந்தைப் பையுடன் வேரா. ஊன்றவும் இல்லை, முனகவும் இல்லை. நின்ற நிலையிலிருந்து அப்படியே என் பக்கத்தில் குந்தினார். அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. பல மாதங்களுக்குப் பின்னர் அத்தனை அருகில் பார்க்கிறேன்.

"எனக்கும் ஒன்று கேளுங்கள், தோழரே. காரம் குறைந்தது."

நான் கதவின் கீழே தலையை நீட்டினேன். "தங்கச்சி, ரெண்டு பக்கற் தூள் தாங்கோ. ஒண்டு உறைப்புக் குறைஞ்சது."

பக்கற்றுகள் சீமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. வேரா தம்முடையதை எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுந்து நின்றார். நான் கதவின் விளிம்பைப் பிடித்தும் எழ முடியாமல் கீழேயே இருந்தேன். அவர் கையை நீட்டினார்.

"முழங்கால் பழகிவிடும்," என்றார்.